ரிப்பீட்டர் இல்லாமல் பேசிப் பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை முன்னேற்பாடுகள் பற்றிய செய்தியில், ஹாம் வானொலி அன்பர்களும் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்கள்) தயார் நிலையில் இருப்பதாக ஒரு வரி வந்திருந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தயார் நிலை எதைப் பொறுத்தது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

ஹாம் சங்கங்கள் குறித்த நேரத்தில் வானலையில் கூடுவதை 'நெட்' என்கிறோம். ஒருவர் கட்டுப்பாட்டாளராக இருந்து ஒவ்வொருவராக அழைப்பார். மற்றவர்கள் உரிமத்தோடு தங்களுக்குக் கிடைத்த அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார்கள். பெரும்பாலும் இது மலைமேல் உள்ள ரிப்பீட்டர், அதாவது வரும் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி, வழியாகவே நடக்கிறது. கையடக்கக் கருவியின் 5 வாட் கூட அதில் வெகுதூரம் போய்விடும். ஆனால் இடி விழுந்தோ, மின்சாரம் போய் பேட்டரி தீர்ந்தோ ரிப்பீட்டர் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடுவோம். ஆகவே மாதத்தில் ஒரு நெட்டையாவது ரிப்பீட்டர் இல்லாமல், 145.500 மெகாஹெர்ட்ஸில் நேரடியாக, பேட்டரியில் மட்டும் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி நடத்தினால்தான் வேலூரின் மலைகள் செய்யும் வேலை தெரியும். கிழக்கு மலை குறுக்கே நிற்பதால் சத்துவாச்சாரியும் பாகாயமும் ஒன்றையொன்று கேட்பது கடினம். காட்பாடிப் பக்கம் இருப்பவர் நடுவில் நின்று செய்தியைக் கடத்த வேண்டியிருக்கும். யாருக்கு யார் கேட்கிறது என்று ஒரு அட்டவணை போட்டு வைத்தால் ஆபத்து நேரத்தில் அதுவே வழிகாட்டும்.

கருவியை விடக் கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாடியிலிருந்து 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட்டில் ஏறக்குறைய ஒன்றரை வாட்தான் ஆண்டெனாவைச் சேரும். ஆர்ஜி-213 போட்டால் பாதிக்கு மேல் சேரும். இணைப்பியைச் சுயமாக ஒட்டும் ரப்பர் நாடாவால் சுற்றாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கிவிடும்.

அடுத்தது பேட்டரி. வண்டியில் பொருத்தும் 50 வாட் வானொலிக் கருவி, பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதை ஓட்டினால் மின்னழுத்தம் சரிந்து, பேச்சின் நடுவிலேயே கருவி அணைந்துவிடும். 5 வாட்டுக்கு இறக்கிப் பேசுங்கள். இல்லையேல் கார் பேட்டரி வையுங்கள்.

தொலைவில் உள்ள சென்னையைப் பிடிக்க 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். இரு பக்கமும் தலா 10 மீட்டர் நீளமுள்ள டைபோல் என்ற கம்பி ஆண்டெனாவைத் தாழ்வாகக் கட்டினாலே பகலில் நன்றாகப் போகும். இரவில் பெரும்பாலும் அலை சென்னையைத் தாண்டிக் குதித்துவிடும். முக்கியச் செய்திகளை இருட்டுவதற்குள் அனுப்பிவிடுவதே நல்லது.

பேசும் ஒழுங்கும் பழக்கத்தில்தான் வரும். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். "பால் வேண்டாம்" என்பதில் 'பால்' காணாமல் போகும். ஒருவர் முடித்ததும் இரண்டு, மூன்று நொடி இடைவெளி விட்டால்தான் அவசரச் செய்தி வைத்திருப்பவர் குறுக்கே வர முடியும். செய்தியை எழுதி வைத்துப் படிக்க வேண்டும். வாங்கியவர் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும்.

இணையத்தில் வாங்கிய கருவியில் உரிமமின்றிப் பேசுவது சட்டப்படி குற்றம் என்பதை இளைஞர்கள் மறக்கக் கூடாது. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற உரிம நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறிகள்) தேவையில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுப்பாட்டு அறையின் மொட்டைமாடியில் ஒரு ஆண்டெனாவை நிறுத்தி, கேபிளைக் கீழே மேசை வரை இப்போதே இறக்கி வையுங்கள். கருவியும் ஆளும் எந்த நேரத்திலும் வந்துவிடலாம். கொட்டும் மழையில், மின்னலுக்கு நடுவே மாடியேறிக் கம்பம் நட யாராலும் முடியாது.

ஹாம் வானொலி அன்பர்,
காட்பாடி