தேய்ந்துபோன ஆறு வாட்டர் பேப்பர் துண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலைதான் உறுதியாகச் சொன்னார்கள், என்னுடைய இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரியை உடைக்கப் போவதில்லை. அது உண்மையில் ராணுவத்தில் ஓடிய வண்டிதான் என்று ஆதாரம் காட்டாவிட்டால் உடைத்துவிடுவார்கள் என்ற நிலை இருந்தது. என்ன நடந்தது, யார் என்ன கேட்டார்கள், கெடு எப்படி நெருங்கியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், உங்களில் பாதிப் பேர் ராத்திரி ரெண்டு மணிக்கு என் புலம்பலைக் கேட்டவர்கள், அதனால் அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒருவருக்கு. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நேரில் பார்த்ததில்லை. லாரி மேல் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது, செவர்லே சி60எல் என்றால் என்ன, கனடாவில் போர்க்காலத்தில் செய்த வண்டி ஏன் வலது கை ஸ்டீயரிங்கோடு வந்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. நான் அழாத குறையாகப் போட்டிருந்த கதவுப் படத்தை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய அப்பா கடைப்பலகைக்கு எழுத்து எழுதியவராம். அந்த ஒரு காரணத்துக்காக, முன்பின் தெரியாத எனக்கு நள்ளிரவில் எழுதினார்:

"தம்பி, கதவை நாளைக்கு சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீங்க. ஒரு நாள் பொறுங்க. எழுத்து போட்ட இடத்துல பெயின்ட் ஒரு மயிரிழை தடிப்பா இருக்கும். மேல எத்தனை கோட்டிங் அடிச்சாலும் அந்த மேடு போகாது. டார்ச்சை நேரா அடிக்காம, கதவோட ஒட்டின மாதிரி பக்கவாட்டுல வச்சுப் பாருங்க."

சாண்ட் பிளாஸ்டிங் என்றால் மணலை வேகமாகப் பீய்ச்சிப் பெயின்டை எல்லாம் உரித்துவிடுவது. அதற்காக மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவை எடுத்துப்போக வண்டி வருவதாக இருந்தது. நான் வரச்சொன்ன வண்டிதான். விவரத் தகட்டை எந்தக் காலத்திலோ யாரோ பிடுங்கிவிட்டார்கள், அந்த இடத்தில் ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன, கதவையாவது பளபளவென்று ஆக்கிக் காட்டினால் வந்து பார்க்கிறவர்கள் மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இருக்கிற ஒரே ஆதாரத்தை நானே காசு கொடுத்துச் சுரண்டி எறியப் பார்த்திருக்கிறேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்போதே ஓடினேன். நேராக அடித்தால் வெறும் நீலம், பிற்காலத்தில் எவரோ அடித்த நீலம். கதவின் ஓரத்தில் கன்னத்தை வைத்து வெளிச்சத்தைப் படுக்கவைத்தால், நீலத்துக்கு அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பியது. நெட்டாக ஒரு கோடு, அதன் காலில் குறுக்காக இன்னொன்று. 'எல்' என்ற ஆங்கில எழுத்து. பிரிட்டிஷ் ராணுவம் தன் லாரிகளின் எண்ணுக்கு முன்னால் போட்ட எழுத்து அதுதான். அதற்குப் பிறகு வரிசையாக இலக்கங்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அதோடு விட்டிருக்கலாம். மூன்றாம் நாள் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே ஆறு துண்டு வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், ஆறுமே ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆனவை. கூட ஒரு சீட்டு: "புதுசு வேண்டாம், புதுசு கடிக்கும். இது தேஞ்சது, மெதுவா எடுக்கும். சோப்புத் தண்ணி நிறைய. காய விடாதீங்க." பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், காய்ந்த தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது என்பதையும் அடியில் சின்னதாக எழுதியிருந்தார். ஒரு கடையிலும் வாங்க முடியாத சாமான் அது. ஒருவர் கைப்பட வேலை பார்த்துத் தேய்ந்த தாளை, இன்னொருவர் வேலைக்கு உதவும் என்று எடுத்துவைத்து அனுப்பத் தோன்றுகிறதே, அதற்கு என்ன சொல்ல.

நாலு சாயங்காலம் ஆனது. பத்து இழுப்பு, துடைப்பு, பார்ப்பு. நீலம் கரைந்ததும் கரும்பச்சை வந்தது, போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பச்சை. அதற்கும் அடியில் ஆலிவ், ஆலிவுக்கு அடியில் மண் மாதிரி ஒரு பழுப்பு. பிரிட்டிஷ் ராணுவம் பழுப்பை விட்டு ஆலிவுக்கு மாறச் சொன்னது 1944 ஏப்ரலில், அதனால் அதற்கு முன்பே இது படையில் இருந்திருக்க வேண்டும். முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு உள்ளே தள்ளி, வண்டியே முகம் சுளிப்பது போல இருக்கும் அந்த 13ஆம் எண் கேபின், அதாவது ஓட்டுநர் அறையின் அந்த மாடல், வந்ததும் ஏறக்குறைய 1942 வாக்கில்தான். இரண்டும் ஒத்துப்போனதே ஒரு நிம்மதி.

அப்புறம் முன் மட்கார்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம். பல வருஷமாக இந்த லாரி பீரங்கி இழுத்தது என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஆதாரம் என்ன? மட்கார்டில் ஒரு ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. எந்தப் படைப்பிரிவின் வண்டி என்று காட்ட ஒரு வண்ணச் சதுரம் போடுவார்கள், பீரங்கிப் படையின் சதுரம் மேலே சிவப்பு, கீழே நீலம். கீழே நீலம் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதே தேய்ந்த தாளால் அங்கேயும் தேய்த்தபோது நீலம் வரவில்லை. குறுக்கே சாய்வாக வெட்டிய சதுரம், ஒரு பாதி சிவப்பு, மறுபாதி பச்சை. அது ராணுவச் சரக்குப் படையின் அடையாளம். ரொட்டி, பெட்ரோல், குண்டுப்பெட்டி ஏற்றிப்போகிற வேலை. பெட்ரோல் என்றால், வட ஆப்பிரிக்கச் சண்டைக் காலத்தில் மெல்லிய தகர டின்களில் டின்னுக்கு நாலு கேலன், வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும், கடைசியில் ஜெர்மன்காரன் கேனைப் பார்த்துத்தான் உருப்படியாகச் செய்தார்கள். என் லாரியின் மரத்தளத்தில் இருக்கும் கறையை எண்ணெய் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன், இப்போது அதைத் துடைக்க மனம் வரவில்லை.

பீரங்கி போய்விட்டதே என்று முதலில் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன், உண்மைதான். இப்போது இல்லை.

சரி, மற்றவர்களுக்கு. எந்தப் போர்முனை என்று தெரியாததால் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளில் இத்தாலிக்கான டபிள்யூஓ 170 வரிசையை ஒருவரும், வடமேற்கு ஐரோப்பாவுக்கான 171 வரிசையை இன்னொருவரும் பங்கு போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தீர்கள். தனி லாரியின் எண்ணை யாரும் நாட்குறிப்பில் எழுதுவதில்லை என்று தெரிந்தும் பார்த்தீர்கள். ஒருவர் மழையில் தன் சொந்த வண்டிக்கு அடியில் படுத்து அளவு எடுத்து அனுப்பினார். கதவு வேறு வண்டியிலிருந்து மாட்டியதாகவும் இருக்கலாம், பட்டறையில் அப்படி மாற்றுவது சகஜம் என்று எச்சரித்து, கேபின் பக்கத்திலும் அதே அடுக்குகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி, இருக்கின்றன. கடிதம் எழுதியவர்கள், போன் போட்டவர்கள், பணம் அனுப்பி நான் திருப்பி அனுப்பியதும் கோபித்தவர்கள், எல்லோருக்கும்.

இனி அந்தக் கதவுக்கும் மட்கார்டுக்கும் பெயின்ட் கிடையாது. மெழுகு மட்டும். கண்ணால் பார்க்காத எதையும் இந்த வண்டியைப் பற்றி இனி சொல்ல மாட்டேன், யாராவது குழந்தை வந்து பீரங்கி இழுத்ததா என்று ஆசையாகக் கேட்டாலும்.

அக்கா, ஆறு துண்டில் ஐந்து முடிந்துவிட்டது, ஆறாவதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கதவு எண்ணின் கடைசி இலக்கம் 3 என்கிறேன் நான், 8 என்கிறீர்கள் நீங்கள். படத்தை வைத்துச் சண்டை போட்டு முடியாது. டார்ச்சோடு வாருங்கள்.