வலி சொல்லாததைக் கண் பார்க்க வேண்டும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மார்பகத்தை அகற்றும் அன்றே வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புதிதாக அமைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாய். எனக்கு நடந்ததும் அதே அறுவைதான்.

எடுத்த திசுவின் இரத்தக்குழாய்களை மார்பிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். அந்த இணைப்பில் இரத்தம் உறைந்தால், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் உறையும் என்பதால், செவிலியர் மணிக்கொரு தரம் வந்து நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ளாதே. நீலம் பாரித்தாலோ வெளிறிக் குளிர்ந்தாலோ உடனே மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோனால், பல சமயம் திசுவைக் காப்பாற்றிவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின் அந்தக் காவல் உன்னுடையது. நரம்புகள் அறுபட்டிருப்பதால் புதிய மார்பகம் மரத்துப்போயிருக்கும். வார்டில் என்னோடு இருந்த ஒருவர் வெந்நீர்ப் பையை ஒத்தடமாக வைத்துக்கொண்டார். சூடு தெரியாமலே தோல் வெந்து கொப்புளம் கண்டுவிட்டது. ஆகவே தினமும் கண்ணாடி முன் நின்று பார். சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திராதே.

வடிகுழாய்ப் பைகளில் சேரும் நீரை அளந்து எழுதி வை. பொதுவாக, நாளொன்றுக்கு 30 மில்லிக்குக் கீழ் குறைந்த பிறகே எடுப்பார்கள்; முன்னதாக எடுத்தால் உள்ளே நீர் கட்டிக்கொள்ளும். அந்தப் பைகளைச் செருகிக்கொள்ள, முன்பக்கம் திறக்கும் நைட்டிகளின் உள்ளே பாக்கெட் தைத்து வைத்துக்கொள். வயிற்றுத் தையல் இழுக்காதிருக்கச் சில நாள் குனிந்தே நடப்பாய். ஆறு வாரம் வரை குடமோ குழந்தையோ தூக்கக் கூடாது என்றார்கள்; பேத்தி கையை நீட்டும்போதெல்லாம் மறுத்ததுதான் எனக்குப் பெரிய வேதனை.

சில மாதங்கள் கழித்துக் கட்டி ஒன்று கையில் தட்டுப்படலாம். புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று மனம் பதறும். இரத்த ஓட்டம் போதாமல் கொழுப்பு இறுகியதாகவே அது பல நேரம் இருக்கும். ஆனாலும் அதை நீயே தீர்மானிக்காமல் ஸ்கேன் எடுத்துக்கொள்.

மார்பகத்துக்குச் சிலிகான் பை வைத்துக்கொண்ட உன் அண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரேடியேஷன் பெற்றவர்களுக்கு, அந்தப் பையைச் சுற்றி உடல் உண்டாக்கும் உறை இறுகி வலிப்பது அதிகம். 2019-இல் அலர்கன் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது சொரசொரப்பான மேற்பரப்புள்ள வகையை. அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு தெரியவந்ததே காரணம். தொந்தரவு இல்லாதவர்கள் அகற்ற வேண்டியதில்லை; ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் திடீரென வீங்கினால் காட்டியே ஆகவேண்டும். அவருடையது எந்த வகை என்று மருத்துவமனை அட்டையில் பார்க்கச் சொல்.

சேர்க்கும் தேதி முடிவானதும் எழுது. வடிகுழாய் இருக்கும் நாள்களில் நான் வந்து உன்னோடு தங்குகிறேன்.

அன்புடன்,
வசந்தா