கடைசிப் பனி முடிந்து விதைக்கச் சொன்ன உங்கள் ஸ்பினாச் விதை தொடர்பாக

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். அந்தப் பச்சைப் பக்கெற் பற்றித்தான். எது என்று உங்களுக்கே தெரியும். பின்பக்கத்தில் ‘கடைசிப் பனி முடியும் காலம், மார்ச் – ஏப்ரலில் விதைக்கவும், 6 கிழமையில் வெளியிலைகளைப் பறிக்கலாம்’ என்று தமிழில் அடித்திருக்கிறீர்கள். வன்னியில் பனி என்றால் மாசிப் பனிதான். அது மூசிப் பெய்து ஓய்ந்த பிறகு, பங்குனியில் இரண்டு பாத்தி போட்டேன். காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர். முளைத்தது ஏழு. நாலிலை விடமுதல் ஏழும் கருகிப் போயின.

மூன்று தரம் வவுனியாக் கிளைக்கு வந்தேன். ‘செவ்வாய்க்கிழமை வாங்கோ, பெரியவர் நிப்பார்’ என்றது உங்கள் ஆட்கள்தான். மாங்குளத்தில் விடிய பஸ் ஏறி, பாத்தி மண்ணையும் ஒரு சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு வந்தால், பெரியவர் கொழும்புக்குப் போய்விட்டாராம். மேசையில் இருந்த தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: “பசளிதானே அம்மா, எறிஞ்சு விட்டாலே முளைக்குமே.” பசளி! அது என் வேலியில் கேட்பாரில்லாமல் படர்ந்து கிடக்கிறது. அதையா உங்களிடம் காசு கொடுத்து வாங்கினேன்? சிரிப்பு வேறு.

முதல் தரம் வந்தபோது ‘பில் எங்க’ என்றார்கள், சொல்ல மறந்துவிட்டேன். பில்லோடு வந்தால் ‘பக்கெற் எங்க’.

விவசாயப் போதனாசிரியர் பக்கெற்றைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது குளிர்நாட்டுக் கணக்கு என்று. அங்கே பனி என்றால் தண்ணீரே உறைகிற பனி. 10 முதல் 20 பாகையில் இந்த விதை நன்றாக முளைக்கும், 30 தாண்டினால் முளைப்பதே அருமை. கோடையில் பகல் நீண்டால் தண்டு விட்டுப் பூத்துவிடும் என்று அதற்குமுன் பறித்து, ஓகஸ்ட் கடைசியில் மறுபடி போடுவார்களாம். இங்கே ஆசைக்குப் போட்டுப் பார்ப்பதென்றாலும் மார்கழி, தையில்தான். இது விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

முளைக்கீரை போட்டிருந்தால் ஒரு மாதத்தில் பிடுங்கிச் சந்தைக்குக் கொடுத்திருப்பேன். இந்த வருசச் சீவியமே போச்சு.

கோபிக்காதீர்கள், உங்களை மதித்துத்தான் எழுதுகிறேன். விதைக் காசும் மூன்று தர பஸ் காசும் வேண்டும், அந்த ‘பனி’யின் மேல் ஒரு ஸ்ரிக்கராவது ஒட்டுங்கள். இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். பில்லும் பக்கெற்றும் கையில் இருக்கின்றன. மண்ணும் அந்தப் பையில் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து மூன்று தரம் வந்தவள்