ரயிலடிச் சாப்பாட்டுக்கடைக்காரரின் வரலாற்றை அச்சேற்ற உதவுங்கள்

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு வணக்கம்.

ருமேனியாவில் ப்ளோயெஷ்ட் என்று ஓர் ஊர். 1882 முதல் அந்த ஊர் ரயிலடியில் சாப்பாட்டுக்கடை நடத்தியவர் கான்ஸ்டான்டின் டோப்ரொஜெயானு கெரெயா. ருமேனிய சோசலிசத்துக்கு அடித்தளம் போட்ட சிந்தனையாளர் அவர்தான். நாடகாசிரியர் கராஜாலே அவருடைய நண்பர். கடைக் கல்லாவையும் பார்த்துக்கொண்டு, இலக்கிய விமர்சனமும் எழுதினார் மனிதர்.

இயற்பெயர் சாலமன் காட்ஸ். 1855இல் ரஷ்யப் பேரரசில், யெகதெரினொஸ்லாவ் பக்கம் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போலீசுக்குத் தப்பி 1875இல் ருமேனியாவின் யாஷி நகருக்கு வந்து சேர்ந்தார். 1878இல் கலாட்ஸ் துறைமுக நகரில் ரஷ்ய உளவாளிகள் அவரைக் கடத்திப்போய், ரஷ்யாவின் வடக்கே வெண்கடலோரத்து மெஸென் ஊரில் தள்ளினார்கள். அங்கிருந்து படகேறி நார்வேக்குத் தப்பி, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி ருமேனியாவுக்கே வந்தார்! எங்கள் நூலின் முதல் இரண்டு அத்தியாயமும் இதுதான்.

1893இல் உருவான சோசலிஸ்ட் கட்சிக்கு அவர் எழுத்துதான் துணை. 1899இல் கட்சித் தலைவர்கள் பலர் லிபரல் கட்சிக்குத் தாவினார்கள். இவர் போகவில்லை. 1907 விவசாயிகள் எழுச்சியை ராணுவம் சுட்டு அடக்கியபின், 1910இல் 'நியோயொபாஜியா' எழுதினார். சட்டப்படி விடுதலையான குடியானவன், கூலி ஒப்பந்தத்தால் மீண்டும் ஜமீன்தாரிடமே கட்டுண்டு கிடப்பதைக் காட்டும் புத்தகம். தலைப்பைத் தமிழாக்க எங்கள் குழுவில் இரண்டு மாலை சண்டை. 'புதிய கொத்தடிமை' என்றார் ஒருவர். கொத்தடிமை கடனில் கட்டுண்டவன், இவன் நிலத்தில் கட்டுண்டவன் என்று மறுத்தார் இன்னொருவர். கடைசியில் 'புதிய பண்ணையடிமை முறை' என்று வைத்தோம். முதலாமவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

1914இல் போர் மூண்டபோது, ருமேனியா எந்தப் பக்கமும் சேரக்கூடாது என்று வாதாடினார். 1916இல் நாடு போரில் இறங்கியது. சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியவர், 1920இல் புக்கரெஸ்டில் காலமானார்.

நூல் 112 பக்கம், 500 பிரதி. கையெழுத்துப்படி தயார்; மெய்ப்பும் இருமுறை பார்த்தாயிற்று. அச்சுச் செலவு ரூ.38,000. இதுவரை சேர்ந்தது ரூ.21,500. மிச்சம் ரூ.16,500க்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். நூறு ரூபாயானாலும் சரி, ரசீது உண்டு. ரூ.500 தருபவர்களுக்கு இரண்டு பிரதி வீட்டுக்கே வரும். விற்று வரும் பணம் 'புதிய பண்ணையடிமை முறை'யை முழுதாகத் தமிழாக்கும் வேலைக்குப் போகும். வரவு செலவுக் கணக்கை மாதக் கூட்டத்தில் யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

பணத்தைக் கூட்டத்துக்கு வரும்போது பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். அச்சகத்தார் சொன்ன விலை இந்த மாதக் கடைசிவரைதான். அதற்குப்பின் காகித விலை ஏறும் என்கிறார்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்