அமைய ஊழியரின் வருடங்களை யார் எண்ணுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் பத்தாம் திகதி ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனேன். என்னோடு ஒரே சபையில் வேலை செய்த சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவர் வரிசையில் நின்றார். "அண்ணனும் பென்சன் எடுக்கவோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மருமகன் அனுப்பிய காசை எடுக்க வந்திருந்தார். அவருக்குப் பென்சன் இல்லை.

திருகோணமலை மாவட்டத்து உள்ளூராட்சி சபை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விடியற்காலையில் குப்பை உழவு இயந்திரத்தின் பின்னால் நடந்தவர் அவர். அதில் பதின்மூன்று வருடம் அமைய ஊழியர், அதாவது நிரந்தர நியமனமில்லாத நாட்கூலி. 180 நாள் வேலை செய்த அமைய, தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கச் சொல்லி 2014இல் சுற்றறிக்கை வந்த பிறகுதான் நியமனக் கடிதத்தைக் கண்டார். 2024இல் அறுபது வயதில் இளைப்பாறியபோது நிரந்தர சேவை ஒன்பது வருடமும் சில மாதமும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும்.

முந்திய வருடங்களுக்காக மேன்முறையீடு செய்வதென்றால் வரவு இடாப்பு வேண்டும். அவருக்காக நானே களஞ்சிய அறைக்குள் போய்த் தேடினேன். பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் அவர் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒரு வருடம் முழுக்கப் பெயரே இல்லை, 'லேபர் 14' என்று மட்டும். அந்தப் பக்கங்களில் இருப்பது என் கையெழுத்து. அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அந்த நாட்களில் சபை மாறினால், தேர்தலுக்கு அலைந்தவர்கள் உறுப்பினர் கொடுத்த சிபாரிசுத் துண்டோடு வேலைக்கு வருவார்கள். நிரந்தரமாக்க ஆளணி அனுமதி, அதாவது அந்தப் பதவிக்கு அரச ஒப்புதல், வேண்டும், அது மாகாணத்தையும் திறைசேரியையும் தாண்டி வரவேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. துண்டு கொடுத்தவர் அடுத்த தேர்தலில் தோற்றுப்போவார். வந்தவர் நாட்கூலியாகவே கிடப்பார்.

அப்புறம், முறையிடவும் ஆளில்லாமல் போனது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6இல்தான் நடந்தது. கிழக்கு மாகாண சபையோ 2017இல் கலைந்ததுதான். அவர் கோவையைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரத்தில், வாக்குக் கேட்டு வந்த ஒருவரும் கதிரையில் இல்லை.

2020க்கு முன் இளைப்பாறிய எங்களுக்கு, 2025 யூலையிலிருந்து மூன்று கட்டமாக ஓய்வூதியத் திருத்தம் தருகிறார்கள். சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்றது அது. இவருக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இப்போது சபைகள் கூடுகின்றன. வீதிவிளக்கு, கடை வாடகை, கடற்கரைக் குப்பை எல்லாம் பேசத்தான் வேண்டும், சரி. அந்தக் குப்பையை அள்ளுபவர்களின் கோவைகளையும் ஓர் அமர்வில் எடுங்கள். ஒவ்வொரு அமைய ஊழியரும் சேர்ந்த திகதி, வேலை செய்த நாட்கள், ஊழியர் சேமலாப நிதி கட்டிய மாதங்கள் ஆகியவற்றை எழுதி, செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் வைத்து, ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

பழைய இடாப்புகளை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
பாலையூற்று, திருகோணமலை.