செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நம் மன்றத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி நடத்தினோம். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதுபாண்டியர் நினைவிடத்தில் மாலை சாத்தினோம்.

இனி, காளையார்கோவில் போர்க்களத்தை அளந்து ஆவணப்படுத்த ஓர் அறக்கட்டளையிடம் நாம் கேட்ட மானியம். "அது என்ன ஆச்சு?" என்று கடைவீதியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. ஏன் என்பதை எழுதி வைக்க வேண்டியது என் கடமை.

1772 ஜூன் 25-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தது காளையார்கோவிலில். 1801-இல் மருதிருவர் கடைசியாக எதிர்த்து நின்றதும் அங்கேதான். கம்பெனிப் படைக்குக் கிடைக்கக்கூடாது என்று சிறுவயல் அரண்மனைக்கு அவர்களே தீ வைத்தார்கள். அங்கிருந்து ஒரு மாதம் போலக் காட்டை வெட்டிப் பாதை போட்டுப் பார்த்த கர்னல் அக்னியூ, முடியாமல் திரும்பினார். பிறகு வேறு வழியாக வந்துதான் அக்டோபர் 1-இல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அந்தப் படையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி வெல்ஷ், வளரி என்ற வளைந்த எறிகருவியை எறியத் தனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சின்னமருது என்று பின்னாளில் எழுதி வைத்தார். இத்தனையும் நடந்த மண்ணில் எது எங்கே நடந்தது என்று காட்ட நம்மிடம் ஒரு வரைபடம்கூட இல்லை.

அதற்காகத்தான் நான்கு ஞாயிற்றுக்கிழமை சிறுவயல் பக்கம் நடந்தோம். ஒரு பெரியவர், உழும்போது கிடைத்தது என்று சாமி மாடத்திலிருந்து ஒரு குண்டை எடுத்து வந்து காட்டினார். இலந்தைப்பழம் அளவு ஈயக்குண்டு. மேலே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை பூத்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "எதுலயோ பட்டிருக்கு தம்பி" என்றார். எந்த வயலில், எந்த வரப்போரம் கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். அவர் காலத்துக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. இப்படிக் கிடைக்கும் குண்டுகளின் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால், யார் எங்கே நின்று சுட்டார்கள் என்பது தெரியவரும். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற போர்க்களத்தில் 1983-இல் புல் எரிந்து தரை வெளியே தெரிந்தபோது, மறு ஆண்டு இப்படித்தான் ஆய்வு செய்தார்கள்.

அங்கே இதற்கென்றே அரசு மானியம் இருக்கிறது. 1993-இல் ஓர் ஆணையம் உள்நாட்டுப் போரின் முக்கியமான களங்கள் 384 என்று பட்டியல் போட்டது. 1996-இல் போர்க்களப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. களத்தை விலைக்கு வாங்க அரசு பாதி வரை தருகிறது. மீதியைக் கேட்பவர்கள்தான் புரட்ட வேண்டும். நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கட்டடம், கல்வெட்டு, குகை, புதைவிடம், இடிபாடுள்ள இடம் என்று பேசுகிறது. போர் நடந்த வெறுந்தரைக்கு அதில் தனியாக ஒரு சொல் இல்லை. செட்டிநாட்டு வீடுகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்குப் போயின. மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டுக்குத் தேக்குத் தூண் இருக்கிறது, காட்டலாம். கருவேலங்காட்டில் எதைக் காட்டுவது?

நாம் அணுகிய அறக்கட்டளையின் படிவத்திலேயே "சின்னத்தின் நீளம், அகலம், உயரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. உயரத்தை எழுதாமல் விட்டு, தனித்தாளில் விளக்கம் வைத்தேன். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தடுத்தது வேறு இரண்டு. ஒன்று, மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு. அதில் கையெழுத்திட வேண்டியவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். இன்னொருவரைத் தேடி மூன்று முறை அலைந்தேன். நாள் கடந்துவிட்டது. இரண்டாவது, செலவில் கால் பங்கு நம் கையிருப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்கு மேல் சந்தா தராத மன்றம் எந்தப் பங்கைக் காட்டும்? ஆண்டுக்கு 300 ரூபாய். தர முடியாதவர்கள் யாரும் நம்மில் இல்லை என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் குறை இருந்திருந்தால் என்னைக் கேட்கலாம். ஆறு வாரம் இரவில் உட்கார்ந்து எழுதியது நான்தான். பணம் இல்லாத குறைக்கு என்னால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். நகல், பயணம், பட்டா விவரம் எடுத்தது ஆகியவை முக்கியச் செலவுகள். வித்தியாசத்தைச் சிலர் கைமாற்றாகக் கொடுத்துச் சரிசெய்திருக்கிறோம்.

கூட்டம் நடத்த வளவைத் திறந்துவிட்ட ஆச்சிக்கும், கார் கொடுத்த அண்ணனுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியவரின் வயலுக்குப் பக்கத்தில் மனை பிரிக்கக் கல் ஊன்றிவிட்டார்கள். நான் செயலாளராகத் தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் ஆடி முடிவதற்குள் நிலுவைச் சந்தா வர வேண்டும், கையெழுத்துக்கு ஆள் ஊரில் இருக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் இன்று என்னிடமே இருக்கிறது; கூட்டம் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்
காரைக்குடி