க்ரீப்பர்கூட ஒன்றரை விநாடி தருகிறது: சேர்வர் அட்மின்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் அண்ணாமார்களுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். மேட்டு லயத்திலிருந்து எழுதுகிறேன். மைன்கிராஃப்ட் என்ற கட்டட விளையாட்டில், உங்கள் சேர்வரில், நாங்கள் கட்டிய மேட்டு லயம். (நிஜத்திலும் நான் இருப்பது மேட்டு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில்தான், அது வேறு கதை.) போன சனிக்கிழமை இரவு க்ரீப்பர் என்கிற வெடிக்கும் பேய்கள் அங்கே புகுந்து ஒரு காம்பராவை உடைத்தது உங்களுக்குத் தெரியும். குரூப்பில் படம் போட்டேன், உங்களில் மூன்று பேர் சிரிக்கும் முகமும் போட்டீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: க்ரீப்பர் வெடித்தாலும் கட்டடம் உடையாமல் இருந்ததே, அதைப் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

"ஒழுங்காப் பாதுகாப்பு பண்ணலைன்னா அப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு, ப்ளொக் வெளிச்சம் பூச்சியமாக இருக்கும் இடத்தில்தான் பேய்கள் முளைக்கும். அதற்கு முன்பு ஏழு இருந்தாலும் முளைத்தன. ஒரு டோர்ச் 14 வெளிச்சம் தரும், ஒரு ப்ளொக் தள்ளிப்போனால் ஒன்று குறையும். இதையெல்லாம் எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். இருந்தும் ஆறு ப்ளொக்குக்கு ஒரு டோர்ச் வைத்தோம். கூரை முழுக்க அரை ஸ்லாப் போட்டோம், அதன் மேல் எதுவும் முளைக்காது என்பதால். சிலந்தி சுவரேறும் என்று மதில் உச்சியில் ஒரு வரிசை வெளியே நீட்டிக் கட்டினோம். க்ரீப்பருக்குப் பூனை என்றால் பயம் என்று வாசலில் ஆறு பூனைகள். அந்த ஆறுக்கும் மீன் பிடித்துக் கொடுத்துப் பழக்கிய கதையை எழுதினால் இந்த மடல் முடியாது.

கதவு மட்டும் மரக்கதவு. அதுவும் தெரியாமல் வைத்ததில்லை. ஸொம்பி மரக்கதவை உடைப்பது ஹார்ட் மோடில் மட்டும்தான், சேர்வர் நோர்மலில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் அதை ஹார்டுக்கு மாற்றினீர்கள். கையோடு மொப் கிரீஃபிங்கையும், அதாவது பேய்களும் மிருகங்களும் ப்ளொக்கை உடைக்க விடும் செட்டிங்கையும், ஓன் செய்தீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரு வரி அறிவித்தல் இல்லாமல்.

மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. ராத்திரி எட்டு மணி இருக்கும், மேலே எங்கேயோ லைனில் மரம் விழுந்து தோட்டம் முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் போனால் ரவுட்டர் போகும். ரவுட்டர் போனாலும் சேர்வர் உடனே நம்மை வெளியே அனுப்பாது, அரை நிமிடம் அளவுக்குக் காத்திருக்கும். அந்த அரை நிமிடமும் நம் ஆள் அங்கே சும்மா நிற்பான். கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் மட்டும் உள்ளே இருந்தான், அவன் பார்த்துச் சொன்னதுதான் இது. தொங்கல் காம்பராவின், அதாவது கடைசி அறையின், கதவை ஸொம்பி உடைத்தது. பூனைகள் எல்லாம் மறுகோடி வாசலில். திறந்து கிடந்த கதவால் க்ரீப்பர் ஒன்று உள்ளே போனது, பின்னாலேயே இன்னொன்று. முதல் வெடிப்பில் பெட்டி உடைந்து சாமான் சிதறியது, இரண்டாவதில் சிதறியதும் போனது.

அந்தக் காம்பரா எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுடையது. ஐந்தாம் வகுப்பு, இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறான். அதனால் சனியும் ஞாயிறும் ஒரு மணித்தியாலம்தான் அவனுக்கு விளையாட்டு, அதுவும் என் வீட்டுக்கு வந்து என் பழைய போனில். நிஜத்தில் அவன் வீட்டில் ஒரே காம்பராவில் ஆறு பேர். இங்கே அவனுக்கென்று ஒரு காம்பரா, ஒரு கட்டில், ஒரு பெட்டி. வாசலில் பலகை நட்டு "இது என் 7 பேர்ச்சஸ். கேட்டுட்டு வரவும்" என்று எழுதி வைத்திருந்தான். வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு எங்கள் இஸ்தோப்புகளில் எத்தனை வருடமாக ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியும். அவன் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது.

உள்ளே சும்மா நின்ற அவன் ஆளும் அந்த வெடிப்பில் செத்திருந்தான். செத்தால் நம் கட்டில் இருக்கும் இடத்தில்தான் திரும்ப எழும்புவோம். கரண்ட் வந்ததும் ஓடி வந்து உள்ளே போனான். கட்டில் இல்லாததால் விளையாட்டு அவனை லயத்தில் இறக்கவில்லை, உலகத்தின் தொடக்க இடத்தில், நடு வெளியில் கொண்டுபோய் நிறுத்தியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. "என்னண்ணா போட்டிருக்கு?" என்று கேட்டான். உனக்கு வீட்டில் கட்டில் இல்லை என்று போட்டிருந்தது. கரண்ட் போனதால வந்த பிழை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன்: க்ரீப்பர் வெடித்தால் கட்டடம் உடையக்கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் பக்க நியாயமும் எனக்கு விளங்காமல் இல்லை. மொப் கிரீஃபிங்கை அணைத்தால் விளையாட்டில் வரும் கிராமத்து ஆட்கள் பயிர் அறுக்க மாட்டார்கள். பயிர்ப் பண்ணை வைத்திருப்பவர்கள் உங்களிடம் புலம்பியிருப்பார்கள். சரி. ஆனால் க்ரீப்பர் வெடிப்பு மட்டும் ப்ளொக்கைத் தொடாதபடி செய்யும் டேட்டாபேக் இருக்கிறது, சின்ன ஃபைல். அதைப் போட்டால் பயிரும் அறுபடும், எங்கள் லயமும் நிற்கும். ஹார்ட் மோடைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. இரும்புக் கதவு போட்டுக்கொள்கிறோம்.

க்ரீப்பர் வெடித்தாலும் உடையாத கல் என்பதால் "ஒப்சிடியன்ல கட்டுங்க" என்று ஓர் ஆலோசனையும் வந்தது. நன்றி. டயமண்ட் பிக்எக்ஸ் வைத்து ஒரு ஒப்சிடியனை எடுக்க ஒன்பது விநாடிக்கு மேல் ஆகும். காம்பராவுக்கு நூறு ப்ளொக் என்று வைத்தால் கால் மணித்தியாலம். பன்னிரண்டு காம்பராவுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல். லாவாவில் தண்ணீர் ஊற்றி இறுக்கும் நேரம் தனி, டேட்டாக் காசு அதைவிடத் தனி. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள்.

"ஆபத்து இல்லாட்டி அது சேர்வைவலா?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஆபத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு வேண்டாம் அண்ணா. என் அம்மா கொழுந்து எடுக்கிற மலையில் குளவி எப்போது கலையும் என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் பணிய லயத்தில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போனது. சிறுத்தைகூட நாயோடு போனது, சுவரை விட்டுவிட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுக்க இருட்டானது என்று அமைச்சரே சொன்னார். மொப் கிரீஃபிங் ஓனில் இருக்கிற நாடு இது. அதிலிருந்து தப்பி ஒரு மணித்தியாலம் உட்காரத்தான் உங்கள் சேர்வருக்கு வருகிறோம்.

மற்ற விளையாட்டுகளையும் பாருங்கள். செவன் டேய்ஸ் டு டையில் ஏழாவது ராத்திரி கூட்டம் வரும் என்பது ஊருக்கே தெரியும், ஆறு நாள் மதில் கட்டலாம். டோன்ட் ஸ்டார்வில் வேட்டை நாய்கள் பாயும் முன்னால் உறுமல் கேட்கும். வால்ஹைமில் 2023 முதல், பேஸ் மீது வரும் தாக்குதலையே வேண்டாம் என்று அணைத்து வைக்கலாம். ஏன், க்ரீப்பரே வெடிக்கும் முன் ஒன்றரை விநாடி "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் வெடிக்கிறது. நீங்கள் அதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்களில் ஒருவர் "கேம்லயும் லயமா கட்டுவீங்க? பங்களா கட்டுங்கப்பா" என்று எழுதியிருந்தார். பகிடிக்கு எழுதியதுதான், தெரியும். ஆனால் எங்கள் லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் ஜன்னல் இருக்கிறது. மாடி இருக்கிறது. கூரை ஒழுகாது. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். போனில் வருகிறவர்களும் கணினியில் வருகிறவர்களும் சேர்ந்து விளையாடக்கூடிய மாதிரி, அதுவும் காசு வாங்காமல், தமிழில் பேசிக்கொண்டே விளையாட ஒரு சேர்வரை நீங்கள் நடத்துவது சின்ன விஷயம் இல்லை. அந்த நன்றி எப்போதும் உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். டேட்டாபேக்கைப் போடுங்கள், அல்லது பழைய செட்டிங்கைத் திருப்பிப் போடுங்கள், எதுவானாலும் க்ரீப்பர் வெடித்துக் கட்டடம் உடையக்கூடாது. இனி எதை மாற்றினாலும் ஒருநாள் முன்னால் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். வெள்ளிக்கிழமை பெக்கப் உங்களிடம் இருந்தால் தொங்கல் காம்பராவை மட்டுமாவது அதிலிருந்து எடுத்துத் தர முடியுமா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் சுவரை நாங்களே கட்டிக்கொள்வோம். பலகையில் இருந்ததை அவனே திரும்ப எழுதுவதாகச் சொல்கிறான், இந்தத் தடவை 10 பேர்ச்சஸ் என்று.

இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு உள்ளே வருவோம், கரண்ட் இருந்தால்.

இப்படிக்கு,
மேட்டு லயத்துக்காரர்கள் சார்பில்,
ஹட்டன் பக்கத்திலிருந்து ஒருவன்